மூக்கறுப்பு

“மூக்கை அறுத்துடப் போறேன்” என்றார் பல்செட்காரர், சின்ன ரம்பத்தைத் துடைத்தபடி.

“யோசிச்சு அறுங்க. அப்புறம் ஒட்டணும்னு நினைச்சாலும் முடியாது” என்றாள் மனைவி. காய் நறுக்குவதை அவள் நிறுத்தவில்லை.

அறுபட இருந்தது ஒரு பிளாஸ்டிக் விமானத்தின் மூக்கு. வயல்களுக்கு மருந்து தெளிக்கும் பழைய விமானத்தின் மாடல் அது. பெட்டியில் துண்டு துண்டாக வரும், நாமே ஒட்டிக்கொள்ள வேண்டும். இதைவிட மட்டமான பெட்டி கடையில் இல்லை என்று விசாரித்துத்தான் மச்சினன் வாங்கி வந்திருந்தான்.

மனுஷனுக்கு இது வேண்டியதுதான். மாடல் சங்கத்தில் ஒன்பது வருஷமாக அவர்தான் நடுவர். அசலுக்கு மாறாக ஒரு பாகம் இருந்தாலும் தள்ளுபடி என்று சட்டம் போட்ட புண்ணியவானும் அவரே. போன வருஷம் டைப்பிஸ்ட் அம்மா ஆறு மாதம் கண் வலிக்கச் செய்த மாடலை, சக்கரம் ஒன்று பெரிசு என்று ஓரமாகத் தள்ளி வைத்தார். அந்த அம்மா அழுததைப் பார்த்து, பஸ் டிரைவரான மச்சினனுக்குப் பொறுக்கவில்லை.

“குறை சொல்ல வாய் இருந்தா போதும் மாமா. அடுத்த வருஷம் நீங்களும் செஞ்சு வைங்க. ஒரே பெட்டி, உங்களுக்கு ஒண்ணு, எனக்கு ஒண்ணு. தோத்தா நடுவர் நாற்காலியை விட்டு இறங்கிடணும்” என்று எல்லார் முன்னாலும் சொல்லிவிட்டான். நாற்காலி போனால் இவரை நாய்கூடத் திரும்பிப் பார்க்காது. ஆனாலும் மாட்டேன் என்று சொல்ல வீறாப்பு விடவில்லை.

பெட்டியைத் திறந்ததிலிருந்து ஒரே அர்ச்சனைதான். ஓரமெல்லாம் பிசிறு, ஆணித்தலைகள் மிளகு சைஸ், கண்ணாடி சோடா பாட்டில் அடி. பைலட் பொம்மைக்கு முகமே இல்லை. இந்த விமானத்தில் ஏறிய வெட்கத்தில் கரைந்துவிட்டது என்றார்.

எல்லாவற்றுக்கும் மேலே, மூக்கு ஒரு நூல் வலப்பக்கம் திரும்பியிருந்தது. முப்பது வருஷமாகப் பல்லை வரிசை பிசகாமல் அடுக்கிய கை அவருடையது. கோணலைக் கண்டால் ஆகாது. பெட்டி மேல் இருந்த நிஜ விமானத்தின் போட்டோவிலும் மூக்கு அப்படித்தான் இருந்தது. அச்சு வார்த்தவனும் குடிகாரன், படம் எடுத்தவனும் குடிகாரன் என்று பெட்டியைக் குப்பையில் போட்டார்.

“ஆடத் தெரியாதவளுக்குக் கூடம் கோணலாம்” என்று முணுமுணுத்தாள் மனைவி. அவர் காதில் விழவில்லை.

அறுத்தார். பல்செட்டுக்குக் குழைக்கும் மாவையே பூசித் தேய்த்து, மூக்கை நூல் பிடித்த மாதிரி நேராக்கினார். மூணு மாதத்தில் பிசிறு போனது, ஆணித்தலைகள் ஊசி முனைக்கு வந்தன, பைலட்டுக்கு மீசைகூட முளைத்தது.

மச்சினனோ வந்ததை வந்தபடி ஒட்டி, பெயின்ட் அடித்துக் கொண்டுவந்தான். இறக்கையில் அவன் கட்டைவிரல் ரேகை அப்படியே பதிந்திருந்தது. “கைநாட்டா?” என்று கேட்டு, பல்செட்காரர் தானே சிரித்துக்கொண்டார்.

இந்த முறை நடுவராக வெளியிலிருந்து ஒரு அம்மாவைக் கூப்பிட்டிருந்தார்கள். அதே ரக விமானத்தைப் பதினெட்டு வருஷம் ஓட்டியவர். பல்செட்காரருடையதை லென்ஸ் வைத்து வெகுநேரம் பார்த்தார்.

“ஆணி ஆணியா இழைச்சிருக்கீங்க. இது முரட்டு வண்டிங்க. முன்னால சுத்துற விசிறி எப்பவும் ஒரு பக்கமாவே இழுக்கும்” என்றார். பல்செட்காரர் மச்சினனைப் பார்த்த பார்வையில், நாற்காலிக்குப் புது மெத்தையே தைத்தாகிவிட்டது.

அடுத்ததைப் பார்த்ததும் அந்த அம்மாவுக்கு ரேகையைக் கண்டு சிரிப்பு வந்தது. சிரித்துக்கொண்டே முதல் பரிசுச் சீட்டை அதன் முன்னால் வைத்தார். பல்செட்காரருக்கு வைத்த சீட்டில் ‘தள்ளுபடி’ என்று இருந்தது.

“என்னம்மா இது? அவனோடதுல மூக்கே கோணலா இருக்கே” என்றார் பல்செட்காரர்.

“கோணலா இருந்தாத்தாங்க அது நேரா பறக்கும்.”