பச்சமுத்துவின் சட்டை

திண்டிவனத்து மினி ஹாலில் கடல்பூத ஆராய்ச்சிக்காரர்கள் கூடியிருக்கிறார்கள். மேடையில், நாற்காலி நுனியில், மரக்காணத்து அஞ்சம்மாள். அவள் கணவன் பச்சமுத்துவின் படகு ஆளில்லாமல் கரை ஒதுங்கியது; அதில் கிடந்த அவன் சட்டை வரிசை வரிசையாகக் கைமாறுகிறது. பூதம்தான் அவனை இழுத்துப் போனதாம். தோளில் இருப்பது நகக் கிழிசலாம். பஜ்ஜி தின்ற விரல்கள் கிழிசலுக்குள் நுழைந்து அளக்கின்றன. டியூப்லைட் வெளிச்சத்தில் காலரில் எண்ணெய் மினுக்குகிறது. என் பக்கத்து ஆள் சட்னி விரலை நக்கிவிட்டு, சட்டையை மூக்கில் அழுத்தி மூச்சிழுக்கிறார். “பூத வாடைதான் சார், கன்ஃபார்ம்!” கைதட்டுகிறார்கள். “பாத்துங்க,” மைக் இல்லாமலே கத்துகிறாள் அஞ்சம்மாள். “அவரு வேர்வ வாசன போயிடக்கூடாதுன்னு தொவைக்காம வச்சிக்கினு இருக்கேன்.” சட்டை என் மடியில் வந்து விழுகிறது. முகர்ந்து பார்க்கத் தேவையே இல்லை. பஜ்ஜி எண்ணெய் நாறுகிறது.