காட்டுப் பக்கத்து ரூம்

கரியாலூர் மலையின் சாயங்கால வெயில் ரிசார்ட்டின் கண்ணாடிக் கதவைத் தாண்டி வந்து பளிங்குத் தரையில் மஞ்சளாய்க் கிடக்கிறது. சுவரில் சத்தத்தை அணைத்துவைத்த டிவி. இடஒதுக்கீடு கேட்டு ரோட்டில் உட்கார்ந்தவர்களைப் போலீஸ் தூக்கிக்கொண்டு போகிறது. வாய்கள் மட்டும் திறந்து திறந்து மூடுகின்றன. அஞ்சலாட்சி அதைப் பார்க்காமல் நிற்கிறாள். நரைத்த வகிட்டின் கீழே காலணா அகலத்துக்குக் குங்குமம், கையில் மஞ்சப்பை. "காட்டுப் பக்கம் கடைசி ரூமு குடும்மா." வரவேற்பு மேசையில் இருக்கும் எழில்மதி தயங்குகிறாள். "அது வேணாம்மா. தங்குறவங்க எல்லாம் பாதியில மாத்திக் கேக்குறாங்க. யாரோ கதவைத் தட்டுறாங்க, தொறந்தா ஆளில்ல. நானே ஒருவாட்டி கேட்டேன்." "தெரியும். இங்க வேல செய்ற எங்கூரு பொண்ணு சொல்லித்தான் வந்தேன். எண்பத்தேழுல இதே மாதிரி இடஒதுக்கீடு கேட்டு எங்க வூட்டுக்காரரு மரத்த வெட்டி ரோட்டுல போட்டுட்டு, போலீசுக்குப் பயந்துகினு இந்த மல ஏறுனாரு. எறங்கவே இல்ல. பொணத்தப் பாக்காம பொட்ட எப்பிடி அழிக்கிறது?" சானிடைசர் பாட்டிலின் நிழல் மேசையில் நீள்கிறது. "அதுக்கு முன்ன எங்கூரு தோப்புல ஒளிஞ்சிகினு, இருட்டுனதும் சோத்துக்கு வருவாரு. தட்டுறது போலீசு இல்லன்னு எனக்குத் தெரியணுமே, அதுக்கு ஒரு மாதிரி தட்டுவாரு." விரலை மடக்கி மேசையில் ஒரு தட்டு தட்டுகிறாள். மூச்சுவிடும் நேரம் நிறுத்தி, மெதுவாக இன்னும் இரண்டு. "இப்பிடியா?" எழில்மதி அந்தக் கடைசி ரூம் சாவியை எடுத்து வைக்கிறாள். அஞ்சலாட்சி மஞ்சப்பைக்குள் கையை விட்டு, சோற்றுத் தூக்கில் இன்னும் சூடு இருக்கிறதா என்று தொட்டுப் பார்க்கிறாள்.