ஏழாம் நம்பர் வீட்டுக் கறுப்புப் பை

தராசு முள் நாலு கிலோவைத் தாண்டிப் போய் நடுங்கி நின்றது.

"ஏழாம் நம்பர்! மூணாவது வாரமா இதே கதை," என்றார் குடியிருப்புச் சங்கத்துச் செயலாளர். "ஏம்மா, நீங்க ஒண்டிக்கட்டை. ஒரு ஆளுக்கு வாரம் நாலு கிலோ குப்பையா? வீட்டுக்குள்ள யானை கீனை வளக்கறீங்களா?"

படிக்கட்டில் நின்றிருந்தவர்கள் சிரித்தார்கள். தையல்காரி சிரிக்கவில்லை. கறுப்புப் பையின் கழுத்தை இரண்டு கைகளாலும் இறுக்கிப் பிடித்திருந்தாள்.

"வெட்டுத் துணி சார்."

"துணின்னா தனியாத்தானே போடணும்? அவிழுங்க, பாப்போம்."

"வேண்டாம் சார். என் வீட்டு நம்பரையே எழுதிக்குங்க."

எழுத வேண்டியவள் எட்டாம் நம்பர் வீட்டு டீச்சர். குப்பையைக் குறைக்கும் திட்டமே அவள் கொண்டுவந்ததுதான். ஞாயிறுதோறும் எடை பார்ப்பார்கள். மூன்று கிலோவைத் தாண்டினால் பலகையில் சிவப்புச் சாக்பீஸால் வீட்டு நம்பர் ஏறும். மூன்று தடவை ஏறினால் நடவடிக்கை. தையல்காரிக்கு நடவடிக்கை என்றால், வீட்டில் மிஷின் ஓட்டும் அனுமதி போய்விடும்.

டீச்சர் எழுதினாள். சாக்பீஸ் இரண்டாக உடைந்தது.

அடுத்து அவள் வீட்டுப் பை. முந்நூறு கிராம்.

"எட்டாம் நம்பரைப் பாத்துக் கத்துக்குங்கய்யா!" என்றார் செயலாளர்.

"நான் மட்டும் இல்லை சார், எங்கப்பாவும்தான். வாஷிங் மெஷினே வேண்டாம்னுட்டு, பெட்ஷீட்டைத் தினமும் கையாலேயே துவைக்கிறார்."

பெருமையாகத்தான் ஆரம்பித்தாள். சொல்லி முடித்ததும் சுருக்கென்றது. தினமும் எதற்குத் துவைக்கிறார்?

செயலாளர் நீட்டிய கடிதத்தோடு படியேறினாள். அவள் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தால் போதும். தையல்காரியின் மிஷின் நின்றுவிடும்.

ஆனால் மனம் முழுக்க அப்பாதான். இரண்டு மாதமாக, ஆபரேஷனுக்குப் பிறகு, ஆள் சரியில்லை. எல்லாம் நல்லபடியாக முடிந்தது என்றுதான் அவளிடம் சொன்னார். ஆனால் தண்ணீர் வைத்தால் வைத்தபடி இருக்கிறது. சோபாவில் உட்காருவதில்லை. தம்பி வீட்டுக்குக் கூப்பிட்டால் வருவதில்லை. இப்போதெல்லாம் விடிந்தும் விடியாமலும் ஒரு துணிப்பையோடு வெளியே போகிறார். எங்கே என்றால், "சும்மா, நடக்க."

எதிர்வீட்டுக்காரி நேற்றுத்தான் கிண்டலாகக் கேட்டாள். "உங்கப்பா காலங்காத்தால தையல்காரி கதவைத் தட்டறாரே, சட்டை அவ்வளவு அவசரமா?"



வாசற்கதவில் அவளே எழுதி ஒட்டிய தாள்: 'ஒரு முறை பயன்படுத்தி எறியும் பொருள் எதுவும் இந்த வீட்டுக்குள் வராது.'

அந்தக் கதவைப் பிடித்துக்கொண்டு அப்பா நின்றிருந்தார்.

"பையைத் திறந்து பாத்தாங்களா?"

"யார் பையை?"

"பொதுவாத்தான் கேட்டேன்."

"தையல்காரி பையைத் திறக்கச் சொன்னாங்க. அவ விடலை."

அப்பா மெல்ல மூச்சுவிட்டார். பிறகு அவள் கையிலிருந்ததைப் பார்த்தார். "அது என்ன கடுதாசி?"

"அவ அனுமதியை ரத்து பண்றது. நான் கையெழுத்துப் போடணும்."

"அவளுக்குச் சோறு போடறதே அந்த மிஷின்தானேம்மா."

"எனக்கு மட்டும் கல் மனசா? ஒருத்தருக்கு விட்டுக்கொடுத்தா நாளைக்கு எல்லாரும் கேப்பாங்க." குரல் அவளை அறியாமல் உயர்ந்தது. "சரி, நீங்க சொல்லுங்க. காலையில எதுக்கு அவ வீட்டுக்குப் போறீங்க? ஊரே பாக்குது. பயமா இருக்குப்பா எனக்கு."

அப்பா நாற்பது வருஷம் அச்சகத்தில் பிழை திருத்தியவர். கடிதத்தை வாங்கி, கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, நின்றபடியே வரிவரியாகப் படித்தார்.

"ஒரு தப்பு இருக்கும்மா. பேனாவைக் குடு."

"இப்ப அதுவாப்பா முக்கியம்?"

அவர் 'ஏழு' என்பதை அடித்தார். மேலே, பழைய பழக்கத்தில், சின்னதாக, தெளிவாக எழுதினார்: 'எட்டு.'

"அப்பா, எட்டு நம்ம வீடு!"

அவர் உள்ளே போய், கட்டிலுக்கு அடியிலிருந்து துணிப்பையை எடுத்துவந்து மேஜைமேல் வைத்தார். உள்ளே, பெரியவர்கள் போடும் டயப்பர் பாக்கெட். பாதி காலி.

"ஆபரேஷனுக்கு அப்புறம் அடக்க முடியலைம்மா. சரியாப் போக ஆறு மாசம் ஆகும்னு டாக்டர் என்கிட்ட சொன்னார்."

டீச்சர் பாக்கெட்டைக் கையில் எடுத்துப் பார்த்தாள். "என்கிட்ட ஏம்ப்பா சொல்லலை?"

அப்பாவின் கண் கதவில் ஒட்டியிருந்த தாளுக்குப் போய்த் திரும்பியது.

"கழட்டினதைத் தையல்காரி பையில போடத்தான் தினமும் காலையில போறேன். எடை பாக்க ஆரம்பிச்ச மொத வாரம், நீ கீழ போயிட்டே. நான் சேத்து வெச்சிருந்ததை எங்க கொண்டுபோய்ப் போடறதுன்னு தெரியாம, கையில வெச்சுக்கிட்டு வாசல்ல முழிச்சிக்கிட்டு நின்னேன். அந்தப் பொண்ணு கறுப்புப் பையோட வெளிய வந்தா. என்ன ஏதுன்னு ஒரு வார்த்தை கேக்கலைம்மா. 'குடுங்கப்பா, என் பை பாதி காலியாத்தான் இருக்கு'ன்னு வாங்கிக்கிட்டா."