மலை வாசம்

வெள்ளாட்டுக்கு எதிலும் சந்தேகம். மகள் கல்யாண விருந்துக்குச் சிவப்பு ஒயின் வாங்க, தீவில் கீரி நடத்திவந்த கடைக்குப் போனது. கீரி ஒரு புட்டியை எடுத்து வைத்தது.

"இது எந்தத் திராட்சை, தம்பி?"

"நம்ம தீவுக் கருந்திராட்சைக்கா. வேற எங்கேயும் விளையாது."

"நான் தினமும் மலையில மேயற கொடியா? அதுல என்ன பெரிசா இருந்துடப் போகுது? சம்பந்தி வீட்டுல சிரிப்பாங்க. கப்பல்ல வந்த சரக்கைக் காட்டு."

கீரி உள்ளே போய், அதே புட்டியில் வாயில் நுழையாத பெயர் ஒன்றை எழுதி ஒட்டி எடுத்துவந்தது.

ஆடு ஒரு வாய் குடித்துக் கண்ணை மூடியது. "அடடா!"

பிறகு சட்டென்று முறைத்தது. "லேசா நம்ம மலை வாசம் அடிக்குதே. நம்மூர்ச் சரக்கைக் கலந்துட்டியா?"

கீரி தன் தலையில் கை வைத்தது. "சத்தியமாக்கா, வேற ஒரு சொட்டுகூடக் கலக்கலை."