நடுவில் மட்டும் நீலம்

"மேடம், நம்ம கேமரா சொதப்பிருச்சு" என்றான் சதீஷ்.

ஜாஸ்மின் லேப்டாப்பை எட்டிப் பார்த்தாள்.

கான்சாபுரத்தில், அழகுத்தாயின் மக்காச்சோளத் தோட்டம். அதில் ஒரு பாத்திக்கு மட்டும் பத்து நாளாகத் தண்ணீர் பாய்ச்சவில்லை. ஜாஸ்மின் சொல்லித்தான். கண்ணுக்குத் தெரியாத நிறங்களையும் பிரித்துப் பார்க்கிற ஹைப்பர்ஸ்பெக்ட்ரல் கேமரா இது. இலை வாடும் முன்பே பயிரின் தாகத்தைச் சொல்லிவிட வேண்டும். இரண்டு வருஷ உழைப்பு; இன்றைக்குத்தான் டெஸ்ட்.

ட்ரோனில் கட்டிப் பறக்கவிட்டால், தண்ணீர் காணாத பாத்தி முழுக்கச் சிவப்பாகத் தெரிய வேண்டும். தெரிந்ததோ, நடுவில் மட்டும் நீலம். நீலம் என்றால் தண்ணீர் குடித்த பயிர்.

ஜாஸ்மின் குனிந்து அந்த இடத்து மண்ணைத் தொட்டாள். சுடுகிற புழுதி. பயிரும் எங்கும் ஒன்றுபோலத்தான் நின்றது.

"அக்கா, இதுக்குத் தண்ணி விட்டீங்களா?"

"மோட்டாரே போடலம்மா." அழகுத்தாய் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

"அக்கா முழியே சரியில்ல மேடம்" என்று சதீஷ் முணுமுணுத்தான். "சொன்னா கேக்க மாட்டாங்க. நம்ம வேலையோட அருமை இவங்களுக்கு எங்க தெரியப்போவுது?"

"வாய்க்கால்ல சொட்டு ஈரமில்ல. அவங்களச் சொல்லாதீங்க. தப்பு நம்ம கேமராவுலதான்."

ஜாஸ்மின் போனை எடுத்தாள். பெயில் என்று இன்றைக்குச் சொன்னால், மேலதிகாரி நவநீதகிருஷ்ணன் சார் இந்த வேலையையே மூடிவிடுவார். கண் நிறைந்துவிட்டது. நம்பரை அழுத்தினாள்.

அழகுத்தாய் ஓடிவந்து கையைப் பிடித்தாள்.

"செத்த இரு தாயி. நான்தான் ஊத்துனேன். முந்தாநாள் நீங்க போன பொறவு, கெணத்துல எறச்சு, குடத்துல சொமந்து."

"ஏங்க்கா?"

"அன்னைக்கு வரப்புல நின்னு போன்ல அழுதியே, டெஸ்டுல பெயிலானா எல்லாம் போச்சுன்னு. ஆபீசர் பாக்குறப்ப பயிரு காஞ்சு கெடந்தா பாஸ் போடுவாகளா? பச்சையா நின்னாத்தானே ஒனக்கு நல்ல பேரு?" குரல் இறங்கியது. "முழுசும் ஊத்த இடுப்பு ஏலல தாயி. நடுவுல நாலு வரிசையோட நிறுத்திட்டேன்."

ஜாஸ்மின் லேப்டாப்பைத் திருப்பி, நீலத்தை விரல் வைத்து எண்ணினாள்.

சரியாக நாலு வரிசை.

"ஹலோ, என்னாச்சும்மா? கேமரா என்ன சொல்லுது?" போனில் சார்.

ஜாஸ்மின் அழகுத்தாயின் காய்த்துப்போன கையை விடாமல் சொன்னாள்.

"பாஸ் சார். நாங்க யாருமே பாக்காதத அது பாத்துருச்சு."