ஒத்திகை அடி

பெஞ்சுகளைச் சுவரோரம் தள்ளிவிட்ட வகுப்பறை. தரையில் சப்பணமிட்டிருக்கும் அக்காவின் மூக்குக்கண்ணாடியில் சாயங்கால வெயில் தெறிக்கிறது. தங்கள் ஆட்களை உள்ளே விடாத உணவகத்தில் நாளை அக்காவும் இங்கே கூடியிருப்பவர்களும் போய் உட்காரப்போகிறார்கள். அடித்தால் திருப்பி அடிக்கக் கூடாது. அதற்குத்தான் இந்த ஒத்திகை. போலீஸ் வேடம் தையல்காரருக்கு. சுருட்டிய செய்தித்தாளால் அக்காவின் தோளில் பூவால் ஒற்றுவதுபோல் தட்டிவிட்டு, "மன்னிச்சுக்கங்கக்கா" என்கிறார். எல்லோரும் சிரிக்கிறார்கள். "நாளைக்கு எவனும் மன்னிப்புக் கேக்க மாட்டான், தம்பி. ஓங்கி அடி" என்கிறார் அக்கா. அடி கன்னத்தில் விழுகிறது. கண்ணாடி தரையில் சறுக்கிக்கொண்டு போகிறது. சிரிப்பு அடங்குகிறது. அக்காவின் வலது கை, விரல்கள் இறுக மடங்கி, தையல்காரரின் முகத்துக்கு நேரே உயர்ந்து நிற்கிறது. ஊருக்கெல்லாம் அகிம்சை சொல்லிக்கொடுத்த அக்கா, அந்தக் கையை யாருடையதோ என்பதுபோல் பார்க்கிறார். பிறகு அதை இறக்கி, தொடைக்கடியில் வைத்து, அதன்மேல் அழுந்த உட்கார்கிறார்.

"மறுபடி அடி."