தலைகீழாக விழுந்த விலை

"ரெண்டரை லட்சம் வரைக்கும் போவும் மாமி," என்றான் ஜெயன், லென்ஸிலிருந்து கண்ணை எடுக்காமல்.

எதிரே ஸ்டூலில் ராஜபாய் உட்கார்ந்திருந்தார். பாறசாலையிலிருந்து பஸ் ஏறி, நெய்யாற்றின்கரையில் பழைய ஸ்டாம்பு விற்கும் இந்த மாடிக்கடையைத் தேடி வந்திருந்தார். கணவர் சத்தியதாஸ் இறந்து இருபது நாள் ஆகிறது என்று அவர் சொல்லித்தான் ஜெயனுக்கே தெரிந்தது.

மேசைமேல் பிளாஸ்டிக் உறைக்குள் ஒரே ஒரு ஸ்டாம்பு. நூறு வருஷத்துக்கு மேல் பழையது, திருவிதாங்கூர் அரசாங்கம் வெளியிட்டது, நடுவில் சங்கு. அந்தக் காலத்துக் காசில் அரைச் சக்கரம் என்ற பழைய விலைமேல் கறுப்பு மையில் வேறு விலை அச்சாகியிருந்தது. அது தலைகீழாக விழுந்திருந்தது. ஏலத்தில் அந்தப் பிழைக்குத்தான் மதிப்பு.

"தொண்ணூறாயிரம் ரூவாய இந்தத் துண்டுக் கடலாசுக்குக் கொடுத்தாவ," என்றார் ராஜபாய். "அண்ணைக்கு நான் போட்ட சண்டை கொஞ்சமா?"

"இப்ப அதுக்கு மேல கிட்டும் மாமி. ஏலத்துக்கெல்லாம் அனுப்ப வேண்டாம். நானே எடுத்துக்கிடுதேன்."

அந்த ஸ்டாம்பைப் பார்க்க அவனுக்கு லென்ஸ் தேவையே இல்லை. அதைச் செய்தவன் அவன்தான்.

ஆறு வருஷத்துக்கு முன்னால் அது ஐம்பது ரூபாய்க்குக் கிடைக்கிற சாதாரண ஸ்டாம்பு. அவன் மகள் அமிர்தாவுக்கு அப்போது மூன்று மாதம், இதயத்தில் ஓட்டை. திருவனந்தபுரத்தில் ஆபரேஷனுக்குத் தேதி குறித்துவிட்டார்கள். கடன் கேட்டுப் போன இடத்திலெல்லாம் கையை விரித்தார்கள். ஒரு மத்தியானம் கடையைப் பூட்டிவிட்டு, தெரிந்த அச்சகத்தில் போய் உட்கார்ந்து, அந்தத் தலைகீழ் விலையை அவனே பதித்தான்.

அதை வாங்கக்கூடியவர் ஒருவர்தான் இருந்தார். சத்தியதாஸ் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். மாதம் ஒரு சனிக்கிழமை கடைக்கு வருவார். ஏலப் பட்டியல்களை இரவல் வாங்கிப் போவார். எது எந்த ஊரில் என்ன விலைக்குப் போனது என்று ஜெயனுக்கே பாடம் எடுப்பார். பிள்ளையின் நோயை அவரிடம் சொல்லியிருந்தான். கடன் கேட்க மட்டும் ஜெயனுக்கு வாய் வரவில்லை. ஸ்டாம்பை எடுத்து நீட்டினான்.

அவர் வெகுநேரம் அதைப் பார்த்தார். ஐந்து ரூபாய் ஸ்டாம்புக்கும் பேரம் பேசுகிறவர், அன்று பேரமே பேசவில்லை.

"எடுத்து வச்சிரு. நாளைக்கு ரூவாயோட வாறேன்."

ஆசை கண்ணை மறைத்துவிட்டது என்று ஜெயன் நினைத்துக்கொண்டான்.

அமிர்தா பிழைத்துக்கொண்டாள். சத்தியதாஸ் அதற்குப் பிறகும் வந்தார். சாயா குடித்தார். பிள்ளை நடக்கிறாளா, பேசுகிறாளா, பள்ளிக்கூடத்தில் சேர்த்தாச்சா என்று விசாரித்தார். அந்த ஸ்டாம்பைப் பற்றி மட்டும் ஒரு வார்த்தை பேசியதில்லை.

அவர் வரும் ஒவ்வொரு சனிக்கிழமையும் ஜெயன் சொல்லிவிடத்தான் நினைத்தான். அவர் படியிறங்கிப் போன பிறகுதான் அவனுக்கு மூச்சு சீராகும். அடுத்த மாதம் ஆகட்டும் என்று தள்ளிப் போடுவான். தள்ளித் தள்ளி, அடுத்த மாதம் என்று ஒன்று இல்லாமலே போய்விட்டது.

இனி யாரிடம் சொல்ல? பணத்தையாவது கொடுத்துவிடலாம். மனைவி லேகாவின் நகையை விற்றால் பாதி வரும். மீதிக்குக் கடையில் இருப்பதையெல்லாம் யாருக்காவது மொத்தமாகத் தள்ளிவிடலாம்.

"பேத்தி ஜோஸ்னாவ நர்சிங் படிக்க வைக்கணும்னு மாமா சொல்லுவாவ," என்றான். "இந்த ரூவா அதுக்கு ஒதவும்."

ராஜபாய் நிமிர்ந்து அவன் முகத்தைப் பார்த்தார்.

"நல்லா பாத்துச் சொல்லு மக்கா. சாதனம் நல்லதுதானா?"

"அசல் ஆக்கும் மாமி."

"வேற ஒண்ணும் சொல்லதுக்கு இல்லியா உனக்கு?"

ஜெயனுக்கு உதடு வரை வந்தது. சொன்னால் இந்த அம்மா பணத்தைத் தொடமாட்டார் என்று தோன்றியது. அதுவே அவனுக்கு வசதியான காரணமாகவும் இருந்தது.

"இல்ல மாமி. ஒரு வாரத்துல ரூவாய வீட்டுல கொண்டு தாறேன்."

ராஜபாய் பிளாஸ்டிக் உறையை ஒரு விரலால் அவன் பக்கமாகத் தள்ளினார்.

"நான் விக்க வரல்ல. உனக்க மாமாதான், எனக்க காலத்துக்குப் பொறவு இத எவனாவது ஏலத்துல கொண்டு வச்சு, வாங்குதவன் ஏமாந்திரப்படாது, ஜெயனுக்க கையில திருப்பிக் கொடுத்திருன்னு சொல்லி வச்சிருந்தாவ. கொடுத்தாச்சு. நான் வாறேன்."

அவர் குடையை எடுத்துக்கொண்டு எழுந்தார். ஜெயன் படிவாசல் வரை பின்னாலேயே போனான்.

"மாமி... நில்லுங்க. மாமாவுக்கு இது எப்பம் தெரிஞ்சுது?"

ராஜபாய் இரண்டு படி இறங்கி நின்றார். திரும்பிப் பார்க்கவில்லை.

"தெரிஞ்சுதான் மக்கா வாங்கினாவ."